கையில் கோல், மடியில் ரோசா: குருநகர்ப் பக்கம் செய்வித்த எலிசபெத் அரசியின் சுரூபம்

யாழ்ப்பாணத்தில் அந்தோனியார் சுரூபம் வாங்குவது ஒரு வேலையே இல்லை, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மடு மாதா, லூர்து மாதா, சூசையப்பர், செபஸ்தியார், சிறுமலர் தெரேசாள், எல்லாரையும் ஒரு அடி, இரண்டு அடி என்று அளவு அளவாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஆனால் போர்த்துக்கல் நாட்டு அரசி புனித எலிசபெத் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். நான் ஏழு மாதம் அலைந்தேன். கடைசியில் குருநகர்ப் பக்கத்தில், வீட்டு விறாந்தையோடு தகரக்கூரை இறக்கிப் போட்ட ஒரு சின்னப் பட்டறையில்தான் அலைச்சல் முடிந்தது. பெயர்ப்பலகை இல்லாத இடம். அந்த ஐயாவின் வேலையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், ஏனென்றால் அந்த அரசி யார் என்று சொல்லாமல் அவர் செய்த வேலையின் அருமை விளங்காது.

எங்கள் அம்மம்மாவின் பெயர் எலிசபெத். 1940 யூலை 8 இல் பிறந்தவ. பிள்ளை பிறந்த அன்று கலண்டரில் எந்தப் புனிதர் வருகிறாரோ அந்தப் பெயரையே வைப்பது அப்போது பல வீடுகளில் வழக்கம், இவவுக்கும் அப்படித்தான் வைத்தார்கள். பழைய நாட்காட்டியில் யூலை 8 போர்த்துக்கல் எலிசபெத்தின் திருநாள். 1969 இல் நாட்காட்டியைத் திருத்தியபோது அவர் இறந்த நாளான யூலை 4 க்கு அதை மாற்றிவிட்டார்கள். அம்மம்மாவின் நைந்துபோன செபப்புத்தகத்தில் இன்னும் எட்டாம் திகதிதான் இருக்கிறது, அவவும் எட்டாம் திகதிதான் மெழுகுதிரி கொளுத்துவா. போன வருடம் ஒருநாள் செபமாலை முடிந்த கையோடு, "எல்லாற்ர சுரூபத்தையும் கண்டிட்டன், என்ர பேருக்குரிய அரசியை மட்டும் ஒருநாளும் காணேல்லை" என்று சொன்னா. 85 ஆவது பிறந்தநாள் வரப்போகிறது, அதற்கு வேறு என்ன பரிசு தேட?

முதலில் வெளியூர்க் கடை ஒன்றில் போனில் சொல்லிக் காசு அனுப்பினேன். பெட்டி வந்தது. திறந்து பார்த்தால் தலையில் முக்காடு போட்ட, கையில் ஒன்றும் இல்லாத ஒரு வயதான அம்மா. திருமுழுக்கு யோவானின் தாய் எலிசபெத்தம்மாளை அனுப்பியிருக்கிறார்கள், அதுவும் வலது கை மணிக்கட்டோடு உடைந்து வைக்கோலுக்குள் கிடந்தது. கூப்பிட்டுச் சொன்னபோது, எலிசபெத் என்றால் எலிசபெத்தானே என்றார்கள். காசு திரும்பி வரவில்லை. கை உடைந்ததைக்கூட மன்னித்திருப்பேன். அந்தப் பதில்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. வேளாங்கண்ணி மாதாவைக் கேட்டவருக்கு பற்றிமா மாதாவைக் கொடுத்துவிட்டு மாதா என்றால் மாதாதானே என்று எந்தக் கடைக்காரராவது சொல்வாரா?

அப்புறம் பாசையூரில் இருக்கும் ஒரு மாமி சொல்லித்தான் இந்தப் பட்டறைக்குப் போனேன். வாசலில் ஒரு குதிரை, பாதி பெயின்ற் அடித்தபடி. உள்ளே தலை இல்லாத ஒரு சம்மனசு. ஐயாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், சாரத்தில் எல்லா நிறமும் இருந்தது. எலிசபெத் சுரூபம் வேண்டும் என்று சொன்னேன். கையில் இருந்த தூரிகையை வைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த எலிசபெத், பிள்ளை? ஹங்கேரியோ, போர்த்துக்கலோ?" அந்த ஒரு கேள்விக்கே முற்பணத்தை எடுத்துக் கையில் கொடுத்திருப்பேன்.

இந்த இரண்டு பேரையும் குழப்பாதவர்கள் குறைவு. ஹங்கேரி எலிசபெத், அரசன் இரண்டாம் அந்திரேயாவின் மகள், 1207 இல் பிறந்தவர். நான்கு வயதிலேயே ஜெர்மனியின் துரிங்கியா அரண்மனைக்கு வருங்கால மருமகளாக அனுப்பிவிட்டார்கள். 20 வயதில் கணவன் சிலுவைப்போருக்குப் போகும் வழியில் காய்ச்சலில் இறந்துபோக, மூன்று பிள்ளைகளோடு விதவையாகி, மார்புர்க் நகரில் ஒரு மருத்துவமனையைத் தொடங்கி, நோயாளிகளைத் தன் கையாலேயே கழுவித் துடைத்து, 24 வயதில் 1231 இல் இறந்தார். நான்கே வருடத்தில், 1235 இல், பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதை ஆக்கினார். போர்த்துக்கல் எலிசபெத் அவருக்குப் பேர்த்தி முறை. ஹங்கேரிக்காரியின் சகோதரி அரகோன் நாட்டுக்குக் கல்யாணம் முடித்துப் போனவர், அந்த வழியில் 1271 இல் பிறந்த பிள்ளைக்குத்தான் அந்தப் புனிதையின் பெயரையே வைத்தார்கள். இரண்டு பேரும் அரச குடும்பம், இரண்டு பேரும் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபை, அதாவது அசிசி பிரான்சிசின் வழியில் நடக்கும் பொதுநிலையினரின் சபை, இரண்டு பேரும் ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்தவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு பேர் மடியிலும் ரோசாப்பூ.

ரோசாக் கதை எங்கள் வீட்டில் அம்மம்மா சொல்லும் விதம் இதுதான். மாரி காலம். அரசி சீலைத் தலைப்பில் ஏழைகளுக்கான பாணையும் காசையும் சுற்றிக்கொண்டு போகிறா. அரசன் மறித்து, என்ன கொண்டு போகிறாய் என்று கேட்கிறான். ரோசாப்பூ என்கிறா. இந்தக் குளிரில் ரோசாவா, விரித்துக் காட்டு என்றதும் விரிக்கிறா, உள்ளே எல்லாம் ரோசா. இதே கதையை ஹங்கேரி எலிசபெத்துக்கும் சொல்கிறார்கள், அதனால் ரோசாவை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. சிறுமலர் தெரேசாள் கையிலும் ரோசாதான் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். கடைகளில் கிரீடம் ஒன்றை ஒட்டி தெரேசாளையே எலிசபெத் ஆக்கிக் காட்டியதை நானே இரண்டு இடத்தில் பார்த்தேன்.

"அப்ப கோல் போடுவம்" என்றார் ஐயா. அவர் சொல்வதற்கு முன்னாலேயே நான் பையில் இருந்து படத்தை எடுத்துவிட்டேன். கோயிம்பிரா நகரில் இருக்கும் அரசியின் கல்லறைப் படம் அது, கல்லில் செதுக்கிய ஆள் படுத்திருப்பார், உடம்பில் கிளாரா சபைச் சகோதரிகளின் உடை, தலையில் கிரீடம், பக்கத்தில் யாத்திரைக் கோலும் பையும். அவர் உயிரோடு இருக்கும்போதே செய்வித்த கல்லறை. கணவன் தினிஸ் அரசன் 1325 தை மாதம் இறந்த பிறகு, அந்த வருடமே ஸ்பெயினில் இருக்கும் சாந்தியாகோ தெ கொம்பொஸ்தெலாவுக்கு யாத்திரை போனார், தன் கிரீடத்தையும் அங்கே காணிக்கையாக வைத்தார் என்று சொல்வார்கள். சாந்தியாகோ என்றால் யாகப்பர். யாகப்பர் கோயில் இருக்கும் குருநகரில் வாழ்பவருக்கு அவரைப் பற்றி நான் விளக்கம் சொல்லவா வேண்டும்? படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எங்கட யாகப்பரிட்டப் போனவவோ?" என்று கேட்டார். குரலே மாறிவிட்டது. அதற்குப் பிறகு விலை பேசும்போதுகூட அவர் என்னை வாடிக்கையாளராக நடத்தவில்லை, பெருநாள் வேலைக்கு வந்த ஊர்ப்பிள்ளையைப் போலத்தான் நடத்தினார்.

முதலில் நான் கேட்டது செலவைக் குறைக்க வழி. தெரேசாளின் பழைய அச்சில் உடம்பை வார்த்துவிட்டு, தலையையும் கைகளையும் மட்டும் புதிதாகச் செய்தால் 28,000 ரூபாவுக்கு முடியும் என்றார். நான் சம்மதிக்கப் போன நேரத்தில் அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தெரேசாள் கார்மேல் சபை, மண்ணிற உடைக்கு மேல் வெள்ளைப் போர்வை வரும், இடுப்பில் தோல் பட்டி. இவ பிரான்சிஸ்கன், இடுப்பில் முடிச்சுப் போட்ட கயிறு தொங்க வேண்டும், துணியின் மடிப்பே வேறு மாதிரி விழும். நூற்றுக்கணக்கில் அந்தோனியார் செய்தவருக்கு அந்தக் கயிறு கண்ணை மூடினாலும் வரும். அந்தோனியாரும் லிஸ்பனில்தான் பிறந்தவர் என்று நான் சொன்னபோது, "பாத்தியே, அந்தோனியாற்ர ஊர்க்காரி" என்று உள்ளே திரும்பி வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். ஆக முழுச் சுரூபமும் புதிதாக, களிமண்ணில் இருந்து. இரண்டரை அடி, ஃபைபரில், 46,000 ரூபா. முற்பணம் 20,000. மாசி மாதத்தில் பேசி முடித்தோம்.

பட்டறையின் உண்மையான தரம் முகத்தில்தான் தெரிந்தது. சித்திரை வருடப்பிறப்பு கழிந்து வட்ஸ்அப்பில் களிமண் முகத்தின் படம் வந்தது. அழகான முகம், ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனால் இருபது வயதுப் பெண்பிள்ளை. நேரே போனேன். ஐயா, இது ஹங்கேரிக்காரியின் வயது, எங்கள் அரசி இறக்கும்போது 65 என்றேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அன்னம்மாளைத் தவிர வேறு புனிதைகளின் முகத்தில் சுருக்கம் இருந்தால் சனங்களுக்குப் பிடிக்காது, வாங்கியவர்களே திருப்பிக் கொண்டுவந்த அனுபவம் உண்டு என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அதனால் அந்த விறாந்தையில் இருந்தே அரசியின் கதையை முழுதாகச் சொன்னேன்.

தினிஸ் அரசனுக்கு வேறு பெண்களிடத்தில் பிள்ளைகள் இருந்தார்கள், அந்தப் பிள்ளைகளையும் எலிசபெத் பார்த்து வளர்த்தார். அரசன் அவர்களில் ஒருவனை மேலே தூக்கி வைக்க, முறையான மகன் அபொன்சோ தன் உரிமை போய்விடும் என்று தகப்பனுக்கு எதிராக ஆயுதம் எடுத்தான். தாய் மகன் பக்கம் என்று சந்தேகப்பட்டு அரசன் அவருடைய வருமானத்தைப் பறித்து அலென்கேர் என்ற ஊருக்கு அனுப்பியும் விட்டான். ஒரு வார்த்தை பதில் பேசிச் சண்டையைப் பெருக்காமல், 1323 இல் லிஸ்பனுக்குப் பக்கத்தில் அல்வலாதெ வெளியில் இரண்டு படையும் நேருக்கு நேர் நின்றபோது, ஒரு கோவேறு கழுதையில் ஏறி நடுவில் போனார். படைகள் விலகின. அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அப்புறம் 1336 இல் மகனுக்கும் கஸ்தீலிய அரசனுக்கும் போர் மூண்டது. அந்தக் கஸ்தீலிய அரசன் வேறு யாருமில்லை, எலிசபெத்தின் மகளின் மகன். ஒரு பக்கம் மகன், மறுபக்கம் பேரன். கோடை வெயிலில், அந்த வயதில், சமாதானம் பேசப் புறப்பட்டு, எஸ்திரமோஸ் என்ற ஊரில் காய்ச்சலில் விழுந்து, யூலை 4 இல் அங்கேயே இறந்தார்.

இதைச் சொல்லும்போது எனக்கு எங்கள் வளவுதான் கண்ணில் வந்தது, அதையும் ஐயாவிடம் சொன்னேன். அம்மப்பாவுக்கும் அவருடைய தம்பிக்கும் எல்லை வேலியில் பிரச்சினை. ஒருவர் நட்ட கதியாலை மற்றவர் பிடுங்குவார். ஒரு காலை நேரம் இரண்டு பேரும் கத்தியும் அலவாங்குமாக நிற்க, அம்மம்மா ஒரு பாயைக் கொண்டுவந்து வேலி போக வேண்டிய அதே கோட்டில் விரித்து, அதில் இருந்து செபமாலை சொல்லத் தொடங்கிவிட்டா. மத்தியானம் வரைக்கும் எழும்பவில்லை. அந்த வேலி பிறகு அடைபட்டது, இரண்டு பேரும் சேர்ந்துதான் கிடுகு கட்டினார்கள். அம்மம்மாவிடம் எப்படி அந்த யோசனை வந்தது என்று கேட்டால், சின்ன வயதில் சுவாமி சொன்ன கழுதைக் கதைதான் என்பா. அவவுக்கு அந்த அரசி தூரத்து நாட்டு ஆள் இல்லை, அப்படி ஒரு காலைக்கு வழி காட்டிய ஆள்.

ஐயா கேட்டுக்கொண்டே இருந்தவர், ஒன்றும் பேசாமல் ஈரத்துணியை எடுத்துக் களிமண் முகத்தைச் சுற்றி மூடி வைத்தார். அடுத்த கிழமை அம்மம்மாவின் படம் ஒன்று கேட்டார். அனுப்பினேன். ஆனால் சுரூபத்தை அம்மம்மா மாதிரியே செய்யச் சொல்லி அம்மா ஆசைப்பட்டபோது கறாராக மறுத்துவிட்டார், "அது படம், இது சுரூபம், நாளைக்கு வேற ஆளும் அதுக்கு முன்னால முழங்காலில நிக்க வேணும்" என்றார். கண்ணுக்குக் கீழே உள்ள இரண்டு கோட்டையும், வாயோரம் இறங்கும் மடிப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டார். முகத்தை இரண்டு தரம் அழித்துச் செய்தார், அதற்கு ஒரு சதமும் கூடக் கேட்கவில்லை.

இப்போது முடிந்த சுரூபத்தைச் சொல்கிறேன். சாம்பல் நிற உடை, கயிற்றில் மூன்று முடிச்சு, வலது கையில் கோல், கோலில் யாகப்பர் யாத்திரிகரின் அடையாளமான சிப்பி பதித்த பை. இடது கை உடையின் மடிப்பைத் தூக்கிப் பிடிக்க அதற்குள் ரோசா. கிரீடம் தலையில் இல்லை, காலடியில், ஒரு படி மேல் கழற்றி வைத்த மாதிரி. கல்லறைப் படத்தில் கிரீடம் தலையில்தான் இருக்கிறது, அதைச் சொன்னேன். யாகப்பரிடம் கொடுத்துவிட்டு வந்த ஆள் திரும்பப் போட்டிருப்பாவா என்று அவர் கேட்டார், எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. கண்கள் மேலே பார்க்கவில்லை. நேராக, முன்னால் நிற்கிற ஆளைப் பார்க்கும். கடைச் சுரூபங்களின் மேல்நோக்கிய பார்வையோடு பழகியவர்களுக்கு முதலில் ஒரு மாதிரி இருக்கலாம், இரண்டு நாள் போனால் அந்தப் பார்வை இல்லாமல் இருக்க முடியாது.

குறைகளும் உண்டு. ரோசாவுக்கு அடித்த சிவப்பு பளபளவென்று கூடிப்போயிற்று, சாம்பல் உடையில் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. வலது பெருவிரல் ஒட்டிய இடத்தில் கோடு தெரிகிறது, சாண்ட் பேப்பர் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம். கிரீடத்துக்கு அடித்த பொன் நிறம் மஞ்சளாக இருக்கிறது. நாள் விஷயத்தில் அவரை நம்பி மண்டபம் எடுத்துவிடாதீர்கள், வைகாசி நடுப்பகுதி என்றார், பிறகு யூன் 10 என்றார், கையில் வந்தது யூன் 27. காலை நேரத்தில் போன் எடுக்க மாட்டார், கையில் பெயின்ற் இருக்கும், வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி வைத்தால் பின்னேரம் அவரே எடுப்பார். பற்றுச்சீட்டு கிடையாது, ஒரு கொப்பித் தாளில் தொகையை எழுதித் தருவார். காசாக மட்டும்தான். ஆனால் கட்டித் தந்த விதத்தைக் குறை சொல்ல முடியாது. பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, வைக்கோல் திணித்து, கோலை வேறாகக் கழற்றித் தந்து, ஓட்டோவில் என்னோடு தானும் ஏறி வந்து, வீட்டில் கோலைப் பொருத்திவிட்டுத்தான் போனார். அதற்குத் தனிக்காசு வாங்கவில்லை, தேத்தண்ணி மட்டும் குடித்தார்.

அந்தத் தேத்தண்ணி நேரத்தில்தான் ஒரு விஷயத்தை அவருக்குச் சொன்னேன், என் மனதில் கனநாளாக இருப்பது. எலிசபெத்தை பாப்பரசர் எட்டாம் உர்பான் புனிதை ஆக்கியது 1625 மே மாதம். யாழ்ப்பாணம் 1619 இல் போர்த்துக்கேயர் கைக்குப் போய்விட்டது, 1658 வரைக்கும் அவர்கள்தான். அதாவது அந்த அரசிக்குப் பீடத்தில் இடம் கிடைத்த வருடம் எங்கள் ஊர் அவருடைய நாட்டின் ஆட்சியில் இருந்தது. அவர்கள் பிடித்ததும் இடித்ததும் நாம் மறக்கிற விஷயம் இல்லை. அவர்கள் போய் இத்தனை காலம் ஆகியும் கதிரை, அலுமாரி, சப்பாத்து என்று அவர்களின் சொற்கள் எங்கள் வாயில் இருக்கின்றன. அந்த ஆட்சியின் வாளைவிட, வாளுக்கு நடுவில் போய் நின்ற இந்த மனுசி எங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

யூலை 4 அன்று பூசை முடிந்ததும் சுவாமி வந்து சுரூபத்தை மந்திரித்தார். அம்மம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, காலடியில் இருந்த கிரீடத்தைத் தடவினா, கயிற்றின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணினா, கடைசியில் கோலைப் பிடித்தா. பிடித்த கையை எடுக்கவே இல்லை. "வெயிலுக்க நடந்தவ, பாவம்" என்று மட்டும் சொன்னா. எட்டாம் திகதி வழக்கம்போல மெழுகுதிரியும் கொளுத்தினா.

வேண்டியவர்களுக்கு ஒரு சொல். அச்சை ஐயா உடைக்கவில்லை, பட்டறையின் பின்சுவரோரம் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார். அடுத்த சுரூபத்துக்குச் செலவு குறையும் என்று அவரே சொன்னார். குருநகரில் சுரூபம் செய்கிறவர் என்று விசாரித்தால் யாரும் காட்டுவார்கள். போர்த்துக்கல் எலிசபெத், கோலோடு, வயதான முகம் என்று தெளிவாகச் சொல்லுங்கள், ரோசாவுக்கு மங்கல் சிவப்புக் கேளுங்கள், யூலைக்கு வேண்டுமானால் தை மாதமே போய்விடுங்கள்.